கடல் தெரியும் அறை

மதிப்பிற்குரிய திரு. லெஷெக்,
நான்கு இரவுக்கு ஆயிரத்து இருநூறு ஸ்வோட்டி
முன்பணமாகவே வாங்கிக்கொண்டீர்கள்.
அதைத் திருப்பிக் கேட்டு இது
மூன்றாவது கடிதம்.

முதல் கடிதத்தில் மரியாதை அதிகம்.
இரண்டாவதில் என் தங்கை மகன் சொல்லித்தந்த
சட்டப் பிரிவுகள் அதிகம்.
இதில் நான் மட்டும்தான் இருக்கிறேன்,
ரதோம் நகரில், சமையலறை மேசையில்,
ரொட்டி ஆலையின் இரவுப் பணி முடிந்து
காலணியைக்கூடக் கழற்றாமல்.

"கடல் தெரியும்" என்றீர்கள்.
தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.
குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி
காற்றுப்போக்கியின் தகரத்தை ஒரு கையால் தூக்கி
கழுத்தை இடப்பக்கம் ஒடித்தால்
மீன் பொரிக்கும் கடையின் கூரைக்கும்
அடுத்த வீட்டுப் புகைபோக்கிக்கும் நடுவே
ஒரு விரற்கடை பால்டிக்.
சாம்பல் நிறம்.
முதல் நாள் அதையும் ஒரு சுவர் என்றே
நினைத்துவிட்டேன்.

மெத்தையைப் பற்றி முன்பே எழுதியாயிற்று.
கொதிகலனைப் பற்றியும்.
கட்டிலுக்கு மேலே பூத்த கரும்பூஞ்சையை மறைக்க
நீங்கள் மாட்டியிருந்த சூரியகாந்தி ஓவியம்
விளம்பரப் படத்தில் சரியாகத்தான் இருந்தது.
நேரில் ஒரு சாண் போதவில்லை.
பூஞ்சை வளரும், ஓவியம் வளராதே.

உங்கள் பதில் மூன்றே வரி:
"ஏழாவது படத்தில் உங்கள் கணவர் சிரிக்கிறார்.
மகிழ்ச்சியாகத் தங்கியதற்கு நன்றி.
உடைந்த திரைச்சீலைக் கம்பிக்கு எண்பது ஸ்வோட்டி."

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
தொட்டியின் விரிசலைத்தான் எடுக்க நினைத்தேன்.
ஜெனோன் அதன்மேல் ஏறி நின்று
"கடல், அனியெலா! கடல்!
கொடுத்த காசுக்கு அளந்து ஊற்றியிருக்கிறான்!" என்று கத்தி
கால் வழுக்கி
திரைச்சீலையோடு, கம்பியோடு உள்ளே விழுந்து
விழுந்த இடத்திலேயே கிடந்து
சிரித்தார்.
கடைவாய்ப் பல் இல்லாத இடம்கூடத் தெரிகிறது.

ஆலை மூடிப் பதினான்கு மாதம்.
எங்கள் வீட்டில் அதுவரை
வானொலி மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது.
வேலை கேட்டுப் போவார், வருவார்,
தொப்பியை ஆணியில் மாட்டுவார்.
சூப்பில் உப்பு போதுமா என்றால்
போதும் என்பார்.
உப்பே போடாத நாளிலும்
போதும் என்றார்.

இது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.
புகார்ப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

"படத்தை வெட்டி அனுப்புங்கள் பெரியம்மா,
பெரியப்பாவை நீக்கினாலும் விரிசல் தெரியும்"
என்கிறான் பையன்.
வெட்டிப் பார்த்தேன்.
விரிசல் இருந்தது. கம்பி இருந்தது.
தொட்டி விளிம்பில் ஒரு பாதம் மட்டும் மிஞ்சியது,
கம்பளிக் காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்க.
அதுவும் சிரிக்கிற மாதிரியே இருந்தது.
விட்டுவிட்டேன்.

ஆகவே கணக்கைக் கறாராகப் பேசுவோம்.
அவர் சிரித்தது உண்மை.
ஐந்து நிமிடம் இருக்கும்.
பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டது.
குழாயில் வெந்நீர் வராததால் ஒத்தடத்துக்கு
மூன்று முறை கெட்டிலில் கொதிக்கவைத்தேன்.
கெட்டில் நாங்கள் கொண்டுபோனது.

அந்தச் சிரிப்புக்கு ஓர் இரவின் வாடகை,
முந்நூறு ஸ்வோட்டி,
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
அதிகம்தான். பேரம் பேச மாட்டேன்.
மீதி தொள்ளாயிரத்தை அனுப்புங்கள்.
கம்பிக்குக் காசு கிடையாது.
ஒட்டுநாடாவில்தான் நின்றது அது,
ஆறாவது படம் பாருங்கள்.

உங்கள் வீட்டுச் சாவி ஒன்று
என் மேலங்கிப் பையோடு வந்துவிட்டது.
நேற்றுதான் கண்டேன்,
மரமீன் கோத்த சாவி.
பணம் வந்தாலும் வராவிட்டாலும்
பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

பின்குறிப்பு:
செப்டம்பரில் வாடகை குறையுமா?
நான் கேட்கவில்லை.
அவர் கேட்கிறார்.